டி4-2: திருந்திய செல்லா, கட்டிப்போட்ட செல்லா?

1980களில் டென்மார்க்கில் ஒரு பெண்ணின் மார்பிலிருந்து சிறு திசுத்துண்டு ஒன்றை எடுத்தார்கள். அவருக்குப் புற்றுநோய் கிடையாது. நார்த்திசுவும் நீர்க்கட்டிகளும் சேர்ந்த, பல பெண்களுக்கு வரக்கூடிய தீங்கில்லாத மாற்றம்தான். ஆனால் அந்தத் துண்டின் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தபோது அவை வழக்கம்போல் சில வாரங்களில் ஓய்ந்துவிடவில்லை, பெருகிக்கொண்டே போயின. ஹெச்எம்டி-3522 என்று பெயரிட்டு, 1987இல் அந்தச் செல் வரிசையை வெளியுலகுக்கு அறிவித்தார்கள்.

அந்த வரிசையின் மூத்த கிளை எஸ்1. வளர்வதற்கு ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி அதற்குக் கட்டாயம் வேண்டும். எலிக்குள் ஊசி மூலம் செலுத்தினால் கட்டி எதுவும் உண்டாகாது. வளர்ப்பு நீரிலிருந்து ஈஜிஎஃப்பை எடுத்துவிட்டு, அப்படியும் பிழைத்தவற்றைத் தொடர்ந்து வளர்த்து, பிறகு எலிக்குள் செலுத்தி, அங்கே கட்டியானவற்றைத் திரும்ப எடுத்து வளர்த்தார்கள். இப்படிக் கிடைத்த கிளைதான் டி4-2. ஈஜிஎஃப் இல்லாமலே வளரும், எலியில் கட்டி கட்டும். ஆக, ஒரே பெண்ணின் உடலிலிருந்து வந்த இரண்டு கிளைகள்: ஒன்று சாது, மற்றொன்று புற்று. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான ஜோடி கிடைப்பது கஷ்டம். வெவ்வேறு நோயாளிகளின் செல்களை எடுத்தால், தெரியும் வேறுபாடு நோயால் வந்ததா ஆளால் வந்ததா என்ற சந்தேகம் கடைசிவரை போகாது.

1997இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில், மினா பிஸ்ஸெலின் குழுவில் இருந்த வாலரி வீவரும் மற்றவர்களும் இந்த டி4-2 செல்களுக்கு ஒரே ஒரு ஆன்டிபாடியைக் கொடுத்தார்கள். செல்லின் மேற்பரப்பில் உள்ள பீட்டா-1 இன்டெக்ரின் என்ற புரதத்தை அது மறிக்கும். தாறுமாறாகக் குவிந்துகொண்டிருந்த புற்றுச் செல்கள் சின்னச் சின்ன உருண்டைகளாக ஒழுங்குபட்டு, வளர்வதை நிறுத்திக்கொண்டன. பார்வைக்கு எஸ்1 போலவே இருந்தன. அவற்றின் மரபணுக்களில் எதையும் யாரும் தொடவில்லை.

இந்த ஆய்வை “புற்றுச் செல் திருந்தியது” என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல்லில் ஒரு நெருடல். திருந்தியதா, கட்டிப்போடப்பட்டதா? நிகழ்வை முதலிலிருந்து பார்த்தால்தான் அதைச் சொல்ல முடியும்.

பாலை மறந்த செல்கள்

மார்பகத்தின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். ஒரு மார்பில் சுமார் 15 முதல் 20 மடல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கிளைவிட்டுப் போகும் பால்நாளங்கள், அவற்றின் நுனிகளில் திராட்சைக் கொத்துபோலப் பால் சிற்றறைகள். ஒரு சிற்றறையைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஒரு வெற்றிடம், அதைச் சுற்றி பால் சுரக்கும் செல்களின் அடுக்கு, அதற்கு வெளியே தசைபோல் சுருங்கக்கூடிய மயோஎபிதீலியல் செல்களின் அடுக்கு. குழந்தை சப்பும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வந்து, வெளியடுக்கு சுருங்கிப் பாலைப் பிழிந்து தள்ளுகிறது. இந்த இரண்டு அடுக்கையும் சேர்த்து வெளியே உறைபோலச் சுற்றியிருப்பது அடித்தளச் சவ்வு. லாமினின், நான்காம் வகைக் கொலாஜன் போன்ற புரதங்களால் பின்னிய மெல்லிய விரிப்பு அது. அதற்கும் அப்பால் கொழுப்பு, நார், ரத்தக் குழாய்கள்.

உள்ளடுக்குச் செல்லுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியும். பாலை நடுவெற்றிடத்தின் பக்கம் மட்டுமே விட வேண்டும். அந்தத் திசையுணர்வு போய்விட்டால் சிற்றறை சிற்றறையாக இருக்காது.

பால் கொடுக்கும் எலியின் மார்புச் செல்களைப் பிரித்து பிளாஸ்டிக் தட்டில் போட்டால் அவை தட்டையாகப் பரவி, சில நாட்களில் பால் புரதம் தயாரிப்பதையே மறந்துவிடும். வேண்டிய ஹார்மோன்களை ஊற்றினாலும் பயன் இல்லை. 1977இல் ஜோன் எமர்மேனும் டோரதி பிடெல்காவும் இந்தச் செல்களைக் கொலாஜன் ஜெல்லின் மேல் வளர்த்தார்கள். ஜெல் தட்டோடு ஒட்டியிருந்தவரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஓரத்தை விடுவித்து, ஜெல்லை நீரில் மிதக்க விட்டார்கள். செல்கள் இழுக்க ஜெல் சுருங்கியது, செல்கள் நிமிர்ந்து வடிவம் மாறின, பால் புரதம் மறுபடி தென்பட்டது. அதே செல், அதே ஹார்மோன், அதே கொலாஜன். ஓரத்தை விடுவித்தது மட்டும்தான் வித்தியாசம்.

ஈரானில் பிறந்து, ஹார்வர்டில் பாக்டீரிய மரபியல் படித்து, 1970களின் தொடக்கத்தில் பெர்க்லிக்கு வந்த பிஸ்ஸெலுக்கு இந்த மறதிதான் பிடிபடாத புதிராக இருந்தது. 1982இல் கிளென் ஹால், கார்டன் பாரி இருவரோடும் சேர்ந்து ஒரு கருதுகோளை முன்வைத்தார். செல்லுக்கு வெளியே உள்ள சட்டகம் வெறும் சாரம் கிடையாது. அது செல்லின் மேற்பரப்பு வழியாக உள்ளே எலும்புக்கூடாக நிற்கும் புரத இழைகளுக்கும், அங்கிருந்து உட்கருவுக்கும் செய்தி அனுப்புகிறது. உட்கருவிலிருந்து வரும் செய்தி திரும்பச் சட்டகத்தை மாற்றுகிறது. கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடக்கிறது. புற்று மரபணுக்களைத் தேடி உலகமே ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. இந்தப் பேச்சைப் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோழிக் கருவில் ஒரு முன்னோட்டம்

டி4-2க்கு வருவதற்கு முன் ஒரு கோழிக் கதை. மார்பகத்தோடு நேரடித் தொடர்பு இல்லைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

கோழிகளுக்குக் கட்டி உண்டாக்கும் வைரஸ் ஒன்று இருப்பதை 1911இல் பெய்டன் ரௌஸ் காட்டினார். அந்த வைரஸில் உள்ள சார்க் என்ற மரபணு, செல்லுக்குள் புகுந்தால் அதைப் புற்றாக்கிவிடும் என்பது பின்னால் தெரிந்தது. 1984இல் டேவிட் டோல்பெர்க்கும் பிஸ்ஸெலும் அதே வைரஸை முட்டைக்குள் இருக்கும் இளங்கருவின் மொட்டுவிடும் சிறகில் செலுத்தினார்கள். வைரஸ் செல்களுக்குள் போனது, மரபணு வேலை செய்தது, ஆனால் கட்டி வரவில்லை. சிறகு ஒழுங்காக வளர்ந்தது. அதே சிறகின் செல்களைப் பிரித்துத் தட்டில் போட்டதும் ஒரு நாளுக்குள் புற்றுச் செல்களாக மாறின.

அடுத்த வருடம் இன்னொன்றும் தெரிந்தது. முட்டையிலிருந்து வெளிவந்த கோழியின் ஒரு சிறகில் வைரஸைச் செலுத்தினால் அந்த இடத்தில் கட்டி வரும். வைரஸ் ரத்தத்தில் உடல் முழுக்கச் சுற்றினாலும் மற்ற இடங்களில் வருவதில்லை. எதிர்ச் சிறகில் ஒரு காயம் ஏற்படுத்தினால் அங்கேயும் கட்டி வந்தது. ஊசி குத்தியதே ஒரு காயம் என்று அப்போதுதான் உறைத்தது. காயத்தை ஆற்ற வரும் சமிக்ஞைகளும் கலைந்துபோன திசுவும்தான் அந்த மரபணுவுக்கு வழி திறந்துவிட்டிருந்தன.

தட்டிலிருந்து ஜெல்லுக்கு

சாதுவையும் புற்றையும் பிளாஸ்டிக் தட்டில் அடுத்தடுத்து வைத்தால் பல சமயம் எது எது என்று சொல்லவே முடியாது. இரண்டுமே தட்டையாகப் பரவும், இரண்டுமே பெருகும். பல பத்தாண்டுகளாக மார்பகப் புற்று ஆராய்ச்சியின் பெரும்பகுதி இப்படி, வித்தியாசமே தெரியாத ஒரு பரப்பின் மேல்தான் நடந்தது என்பதை நினைத்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க உதவிய பொருள், எலியின் ஒருவகைக் கட்டியிலிருந்து பிழிந்தெடுக்கும் ஜெல். அந்தக் கட்டி அடித்தளச் சவ்வின் புரதங்களை ஏராளமாகச் சுரக்கும். ஜெல்லில் பெரும்பங்கு லாமினின், அடுத்தது நான்காம் வகைக் கொலாஜன். குளிரில் திரவமாக இருக்கும், சூடு ஏறினால் உறைந்துவிடும். இதைக் கையாண்டவர்களுக்குத் தெரியும்: பிப்பெட் முனையைக்கூட முன்னமே பனிக்கட்டியில் குளிர வைக்க வேண்டும், கொஞ்சம் அசந்தால் முனைக்குள்ளேயே கட்டியாகிவிடும். போதாததற்கு ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சாதுவான திசு எப்படி இருக்க வேண்டும் என்று செல்களுக்கு நினைவூட்ட ஒரு புற்றுக்கட்டியின் சாறே தேவைப்பட்டது இந்தத் துறையின் வேடிக்கைகளில் ஒன்று.

1992இல் டென்மார்க்கின் ஓலே பீட்டர்செனும் லோனே ரோன்னோவ்-யெசெனும் பிஸ்ஸெலின் குழுவோடு சேர்ந்து இந்த ஜெல்லுக்குள் மனித மார்புச் செல்களை வளர்த்துக் காட்டினார்கள். சாதுவான செல்கள் சில முறை பிரிந்து, சிறு உருண்டையாகச் சேர்ந்து, மேல் கீழ் பார்த்து அமர்ந்து, தாமே அடித்தளச் சவ்வைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, பத்து நாளுக்குள் வளர்ச்சியை நிறுத்திவிட்டன. புற்றுச் செல்கள் நிறுத்தவில்லை, ஒழுங்கில்லாத குவியலாகப் பெருத்துக்கொண்டே போயின. பிளாஸ்டிக்கில் ஒன்றுபோல் தெரிந்தவை ஜெல்லில் முதல் பார்வையிலேயே பிரிந்துவிட்டன.

அந்த ஆன்டிபாடி

இன்டெக்ரின்கள் செல்லின் தோலில் குறுக்கே நிற்கும் புரதங்கள். ஒரு முனை வெளியே லாமினினையோ கொலாஜனையோ பற்றியிருக்கும், மறுமுனை உள்ளே செல்லின் எலும்புக்கூட்டோடு இணைந்திருக்கும். செல் தன் அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்க்கும் கை என்று வைத்துக்கொள்ளலாம். எஸ்1ஐயும் டி4-2ஐயும் ஒப்பிட்டபோது டி4-2இல் பீட்டா-1 இன்டெக்ரின் கூடுதலாக இருந்தது. அப்படியானால் அதை மறித்துப் பார்ப்போமே என்று செய்ததுதான் 1997 ஆய்வு.

மாறியது வெளித்தோற்றம் மட்டும் என்றால் இதைப் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. செல்களுக்கு இடையே ஒட்டும் ஈ-காட்ஹெரின் தன் இடத்துக்குத் திரும்பியது. உள் எலும்புக்கூடு ஒழுங்கானது. உருண்டையைச் சுற்றி அடித்தளச் சவ்வு படிந்தது. பெருக்கம் நின்றது. ஆன்டிபாடி கொடுத்த செல்களை எலிக்குள் செலுத்தியபோது கட்டிகளின் எண்ணிக்கையும் குறைந்தது, அளவும் குறைந்தது. அறவே இல்லாமல் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் வரும். ஆன்டிபாடி கெட்ட செல்களைக் கொன்றுவிட்டு, கூட்டத்தில் ஒளிந்திருந்த சில நல்ல செல்களை மட்டும் மிச்சம் வைத்திருக்கலாம் அல்லவா? அதையும் சோதித்தார்கள். ஒழுங்குபட்ட உருண்டைகளைப் பிரித்து, ஆன்டிபாடி இல்லாமல் மறுபடி வளர்த்தார்கள். பழையபடி புற்றாகவே வளர்ந்தன. மறுபடி ஆன்டிபாடி கொடுத்தால் மறுபடி ஒழுங்கு. ஆக வடிகட்டல் நடக்கவில்லை, அதே செல்கள்தான் அங்கும் இங்கும் போய் வந்தன.

இந்தச் சோதனையே என் கேள்விக்கும் பாதிப் பதில். ஆன்டிபாடியை எடுத்ததும் பழைய குணம் திரும்பியது என்றால் செல் திருந்தவில்லை. அதன் மரபணுக் கோளாறுகள் அத்தனையும் உள்ளேயே இருந்தன. அவை வெளிப்படத் தேவையான செய்தி மட்டும் மறிக்கப்பட்டது. அதே சமயம் “கட்டிப்போட்டார்கள்” என்ற சொல்லும் முழுதாகப் பொருந்தவில்லை. கட்டிப்போட்டவன் மூலையில் முடங்கிக் கிடப்பான். இந்தச் செல்களோ எழுந்து, மேல் கீழ் பார்த்து, தாமே சவ்வு நெய்து, வீடு கட்டின. அதற்கான அறிவு அந்தப் புற்று மரபணுத் தொகுதிக்குள் அழியாமல் இருந்திருக்கிறது. இந்த நிகழ்வில் என்னை அசரவைப்பது அதுதான்.

அடுத்த வருடம் வந்த ஆய்வு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, எனக்கென்னவோ 1997ஐவிட அது கூர்மையானது என்று படுகிறது. ஃபெய் வாங்கும் குழுவினரும் பீட்டா-1 இன்டெக்ரினை மறித்தால், செல்லின் மேற்பரப்பில் ஈஜிஎஃப்பைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிஎஃப் ஏற்பியின் அளவும் குறைகிறது, ஈஜிஎஃப் ஏற்பியை மறித்தால் இன்டெக்ரினும் குறைகிறது என்று கண்டார்கள். ஒரு கயிற்றின் இரு முனைபோல. எந்த முனையைப் பிடித்தாலும் டி4-2 ஒழுங்குக்கு வந்தது. ஆனால் இந்த இணைப்பு ஜெல்லுக்குள் மட்டுமே இருந்தது. அதே செல்களைப் பிளாஸ்டிக்கில் வைத்தால் ஒன்றை மறிப்பது மற்றதைப் பாதிக்கவே இல்லை. அதாவது செல்லின் உள்வயரிங்கே அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. தட்டையான பரப்பில் ஒரு மருந்தைச் சோதித்து “வேலை செய்யவில்லை” என்று தூக்கிப்போட்டவர்கள் எதையெல்லாம் இழந்திருப்பார்களோ.

கெட்டிப்பட்ட அக்கம்பக்கம்

வீவர் பிறகு தனக்கென ஒரு குழு அமைத்து வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார். வெளிச்சட்டகத்தில் என்ன புரதம் இருக்கிறது என்பது சரி, அது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது? சாதாரண எலி மார்புத் திசுவின் விறைப்பு சுமார் 170 பாஸ்கல். கட்டியில் அது சுமார் 4,000 பாஸ்கல், 20 மடங்குக்கும் மேல். 2005இல் வெளியான அந்த ஆய்வில், வேதிப் பொருள் எதையும் மாற்றாமல் ஜெல்லின் விறைப்பை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள். மென்மையான ஜெல்லில் அழகாக நடுவெற்றிடத்தோடு உருண்டை கட்டிய செல்கள், விறைப்பு ஏற ஏற வெற்றிடத்தை இழந்து, திசை தெரியாமல் பெருகின. கெட்டியான பரப்பைப் பிடித்து இழுக்கும்போது இன்டெக்ரின்கள் கூட்டமாகத் திரண்டு, ஈஜிஎஃப் வழியாக வரும் பெருக்கச் செய்தியையும் சேர்த்து உரக்கச் சொல்கின்றன.

மார்பில் கட்டி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதே இந்த விறைப்பைத் தேடித்தான். அந்தக் கெட்டித்தன்மை நோயின் விளைவு என்றே வெகுகாலம் நினைத்திருந்தோம். விளைவு மட்டுமில்லை, நோயை மேலும் தள்ளிவிடுவதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. மாமோகிராமில் வெள்ளையாகத் தெரியும் அடர்த்தியான திசு வேறு கணக்கு. கைக்குத் தட்டுப்படும் கெட்டியும் படத்தில் தெரியும் அடர்த்தியும் ஒன்றல்ல, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் அதற்கும் ஒரு செய்தி உண்டு. நார்மன் பாய்டின் குழு 2007இல் வெளியிட்ட கனடிய ஆய்வில், மார்பின் முக்கால் பங்குக்கு மேல் அடர்ந்த திசுவாக இருந்த பெண்களுக்கு, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தவர்களைவிட நோய் வரும் வாய்ப்பு 4 முதல் 5 மடங்கு அதிகமாக இருந்தது. அடர்த்திக்குக் காரணம் பெரும்பாலும் கொலாஜனும் சுரப்பித் திசுவும்தான்.

நோயியல் மருத்துவர்கள் இந்த அண்டை வீட்டு விவகாரத்தை எப்போதோ தங்கள் வேலையில் சேர்த்துவிட்டார்கள். பால்நாளத்துக்குள் புற்றுச் செல்கள் நிரம்பியிருந்தாலும், வெளியடுக்கு மயோஎபிதீலியல் செல்களும் அடித்தளச் சவ்வும் சுற்றிலும் அப்படியே இருந்தால் அது இடத்தில் அடங்கிய புற்று. அந்த வேலி உடைந்திருந்தால் ஊடுருவும் புற்று. சந்தேகமான இடத்தில் பி63 போன்ற புரதங்களைக் காட்டும் சாயங்களைப் போட்டு வெளியடுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த வெளியடுக்கு சும்மா நிற்கும் வேலி இல்லை. 2002இல் தோராரின் குட்ஜோன்சன், பீட்டர்செனின் குழுவோடு செய்த ஆய்வில், உள்ளடுக்குச் செல்களை வெறும் முதல் வகைக் கொலாஜனில் வைத்தபோது அவை உள்ளே வெளியே தலைகீழாக உட்கார்ந்தன. சாதுவான மயோஎபிதீலியல் செல்களைப் பக்கத்தில் சேர்த்ததும் சரியாகத் திரும்பின. கட்டியிலிருந்து எடுத்த மயோஎபிதீலியல் செல்களில் பெரும்பாலானவற்றால் அது முடியவில்லை. அவை போதிய லாமினின்-1 சுரக்கவில்லை.

கதை நேர்கோட்டில் போகவில்லை

இதுவரை படித்துவிட்டு ஒழுங்கு என்றால் நல்லது, குலைவு என்றால் கெட்டது என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். வீவரே 2002இல் அதற்கு ஒரு குட்டு வைத்தார். ஒழுங்காக உருண்டை கட்டிய செல்கள், சாதுவானாலும் சரி, ஒழுங்குக்குக் கொண்டுவரப்பட்ட புற்றானாலும் சரி, செல்லைக் கொல்லும் மருந்துகளுக்கு எளிதில் மடியவில்லை. ஆல்ஃபா-6 பீட்டா-4 என்ற இன்னொரு இன்டெக்ரின் அடித்தளச் சவ்வைப் பற்றிக்கொண்டு, செல்லைச் சாகாமல் காத்தது. வீட்டுக்குள் இருப்பவனுக்குப் பாதுகாப்பு கூடத்தானே செய்யும். புற்றை ஒழுங்குபடுத்தி அமரவைத்துவிட்டு அதன் மேல் கீமோ கொடுத்தால், நாமே அதற்குக் கவசம் மாட்டிவிட்டதாகவும் ஆகலாம்.

மருந்தாக்கும் முயற்சிகளும் எளிதாக முடியவில்லை. இன்டெக்ரினைத் தடுக்கும் சிலெங்கிடைட் என்ற மருந்து, பீட்டா-1ஐ விட்டு வேறு இன்டெக்ரின்களைக் குறிவைத்தது. மூளைப் புற்றுக்கான மூன்றாம் கட்டச் சோதனையில் நோயாளிகளின் ஆயுளை அது நீட்டவில்லை என்று 2014இல் முடிவு வந்தது. பீட்டா-1 இன்டெக்ரினோ உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இருக்கிறது. தட்டில் ஒரு செல் வரிசையின் மேல் ஆன்டிபாடி ஊற்றுவது வேறு, ஒரு மனிதரின் ரத்தத்தில் ஏற்றுவது வேறு.

இன்னொன்றையும் பட்டென்று சொல்லிவிடுகிறேன். செல்லின் சூழல் முக்கியம் என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது, ஆகவே உணவையும் மனநிலையையும் மாற்றினால் கட்டி தானே அடங்கும் என்று யாராவது சொன்னால், அவர் இந்த ஆய்வுகளில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை என்று அர்த்தம். இங்கே சூழல் என்பது செல்லிலிருந்து சில மைக்ரான் தொலைவில் உள்ள லாமினினும் கொலாஜனும். மரபணு முக்கியமில்லை என்றும் இதற்குப் பொருள் கிடையாது. பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிறழ்வோடு பிறந்த பெண்ணுக்கு ஆபத்து கூடுதல்தான். அந்த ஆபத்து எந்த வயதில், எந்தச் செல்லில், எந்த நாளத்தில் வெளிப்படும் என்பதில்தான் அக்கம்பக்கத்தின் கை இருக்கிறது.

சரி, டி4-2க்கு வருவோம். தட்டில் ஆன்டிபாடி செய்த வேலையை உடலுக்குள் ஏதாவது இயல்பாகவே செய்கிறதா? மார்பகப் புற்று அறுவையும் சிகிச்சையும் முடிந்து, பத்துப் பதினைந்து வருடம் கழித்து எலும்பிலோ நுரையீரலிலோ நோய் திரும்ப வரும் பெண்கள் இருக்கிறார்கள். அத்தனை காலமும் அந்தச் செல்கள் எங்கே இருந்தன, ஏன் சும்மா இருந்தன? சைரஸ் கஜார் பிஸ்ஸெலின் ஆய்வகத்தில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, எலிகளின் நுரையீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் உறங்கும் மார்பகப் புற்றுச் செல்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒட்டியே உட்கார்ந்திருப்பதைக் கண்டது. அமைதியாக இருக்கும் ரத்தக் குழாய் தன் அடித்தளச் சவ்வில் த்ராம்போஸ்பாண்டின்-1 என்ற புரதத்தை வைத்திருக்கிறது, அதுதான் பக்கத்தில் இருக்கும் புற்றுச் செல்லை எழவிடாமல் வைக்கிறது. அதே குழாய் புதிதாகக் கிளைவிடத் தொடங்கினால், துளிரும் அந்த நுனியில் த்ராம்போஸ்பாண்டின் இல்லை. அங்கே டிஜிஎஃப்-பீட்டா, பெரியோஸ்டின் என்ற வேறு புரதங்கள் இருக்கின்றன, பக்கத்தில் உறங்கிய செல் விழித்து வளர ஆரம்பிக்கிறது. கோழிச் சிறகின் காயத்தில் வைரஸுக்கு வழிவிட்டதாக 1990இல் அடையாளம் கண்டதும் இதே டிஜிஎஃப்-பீட்டாவைத்தான்.